ஏட்டையா வயிற்றின் நாலு படங்கள்

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரியாத குறை உலகத்திலேயே கிடையாது என்று பதினேழு வருஷம் நம்பிக்கொண்டிருந்தவள் நான். பெயர் முனீஸ்வரி. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரிகளுக்குப் பேண்டேஜ் துணி நெய்து, வெளுத்து, அனுப்புகிற கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். அடியில் டியூப்லைட் எரிகிற கண்ணாடி மேசை, அதன்மேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். இழை அறுந்தது, எண்ணெய்க்கறை பட்டது, செத்த கொசு ஒட்டிக்கொண்டு வந்தது எல்லாம் என் கண்ணில் பட்டாக வேண்டும். நான் பாஸ் பண்ணின துணி திரும்பி வந்ததாக இதுவரை பேச்சே இல்லை. இந்தத் தலைக்கனம்தான் எங்கள் வீட்டில் நடந்த அத்தனைக்கும் காரணம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் பாண்டிதுரைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏட்டு வேலை. ஆறடிக்கு ஓரங்குலம் குறைவு. மீசைக்கென்று தனியாக ஒரு சீப்பு வைத்திருக்கிறார். ஓடுகிற திருடனை விரட்டிப் பிடிப்பார், குடித்துவிட்டு நடுரோட்டில் கிடப்பவனைக் குழந்தை மாதிரி தூக்கி ஓரமாகப் படுக்க வைப்பார். ஆனால் பந்தோபஸ்து லிஸ்டில் பெயர் வந்துவிட்டால் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

நான் கூட்டிச் சொல்லவில்லை. போன புரட்டாசியில் மூன்றாவது சனிக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டி அதே பெயரில் இருக்கிற எங்கள் திருவண்ணாமலைக் குன்றுக்குப் பெருமாளைப் பார்க்க வந்த கூட்டத்தை வரிசையில் விட வேண்டியவர், தானே படிக்கட்டின் ஓரத்தில் சுருண்டுவிட்டார். அதற்கு முன்னால் தேர்தல் அன்று கூமாப்பட்டி வாக்குச்சாவடியில் இதே கதை. என் தம்பி விஜயபாண்டி மகள் காதுகுத்துக்குப் போனபோதும், கறிச்சோற்றுக்கு இலை போட்ட நேரத்தில் எழுந்து போனவர்தான். தம்பி இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறான். வலி வந்தால் வயிறு உப்பும், முகம் வெளுக்கும், இரண்டு மூன்று மணி நேரத்தில் தானாக விட்டுவிடும். விட்டதும் ஒன்றுமே நடக்காதவர் போல இரண்டு தட்டுச் சோறு சாப்பிடுவார். அதைப் பார்க்கும்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஸ்டேஷனில் இதற்குப் 'பந்தோபஸ்து வலி' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

முதல் படம் எடுத்தது நாலு வருஷத்துக்கு முன்னால். ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அங்கே எக்ஸ்ரே எடுக்கிற சத்யப்பிரியா செட்டியார்பட்டிக்காரி, என் தம்பி பெண்டாட்டிக்கு ஒன்றுவிட்ட தங்கை. நாங்கள் போய்ச் சேர்ந்து, சீட்டுப் போட்டு, காத்திருந்து, முறை வருவதற்குள் வலி நின்றுவிட்டது. இருந்தாலும் வந்ததற்கு ஒரு படம் இருக்கட்டும் என்று எடுத்தோம். எனக்கும் செக்கிங் தொழில் என்பதால் அவள் ஆசையாக விளக்கினாள். காற்று கறுப்பாகத் தெரியுமாம், எலும்பு வெள்ளையாகத் தெரியுமாம், மற்றதெல்லாம் சாம்பல் நிறத்தில் ஒன்றோடொன்று குழம்பித்தான் கிடக்குமாம். இந்தப் படத்தில் காற்றும் கொஞ்சம் மலமும் இருக்கிறது, அது எல்லார் வயிற்றிலும் இருப்பதுதான், இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். சாயங்காலம் தம்பி பெண்டாட்டி போன் பண்ணி, "மதினி, அண்ணனுக்கு நாலு நாள் சரக்கு உள்ளயே நிக்காமே?" என்று கேட்டாள். எனக்குக் கூசிப்போனது. அடுத்த கோயில் கொடைத் திருவிழாவுக்குள் செட்டியார்பட்டி முழுக்கத் தெரிந்துவிட்டது. பேண்டேஜ் துணியில் ஒரு பொட்டு அழுக்கு விடாதவள் புருஷன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதை ஊரே பேசியது.

அன்றைக்கு வீட்டில் ஒரு சட்டம் போட்டேன். இனிமேல் படம் எடுக்கப் போகும் முன்னால் வயிறு சுத்தமாக இருக்க வேண்டும். விருந்தாள் வரும்போது வீட்டைக் கூட்டிப் பெருக்குவதில்லையா, அது மாதிரி. மெடிக்கல் ஷாப்பில் பிளாஸ்டிக் குப்பியில் விற்கிற எனிமாவில் நாலைந்து வாங்கி பீரோவில் சேலைக்கடியில் வைத்துக்கொண்டேன். இரண்டாவது படத்துக்கும் மூன்றாவது படத்துக்கும் முன்னால் அந்தக் குப்பிக்கு வேலை வந்தது. இரண்டு தடவையும் அது உள்ளே போய் வெளியே வந்ததும் அவருக்கு வலி அப்படியே நின்றது. வெறும் மலச்சிக்கலுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று நானே தீர்ப்பும் எழுதிவிட்டேன். இடையில் ஒரு ஸ்கேனும் எடுத்தோம், வலி நின்ற மறுநாள். அதிலும் ஒன்றுமில்லை.

மூன்றாவது படத்தை மறுநாள் கம்பெனிக்கே எடுத்துக்கொண்டு போனேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் மேசைமேல் விரித்து, லைட்டைப் போட்டு, மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக, துணியை எப்படிப் பார்ப்பேனோ அப்படிப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவரிடம் சொன்னேன். "ஒண்ணுமே இல்ல. சுத்தமான வயிறு. மனசுதான் வேலைக்குப் போக மாட்டேங்குது." அவர் பூட்ஸை எடுத்துக்கொண்டு வாசல்படியில் போய் உட்கார்ந்து பாலீஷ் போட ஆரம்பித்தார். ரொம்ப நேரம் போட்டார். நானும் போய் என்ன என்று கேட்கவில்லை.

அந்தப் படத்தைத்தான் மறுநாள் இன்ஸ்பெக்டர் சிவபாண்டியிடம் கொண்டு போய்க் காட்டினார். வலி நிஜம், வைத்தியம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று சொல்வதற்காகப் போயிருக்கிறார் பாவம். இன்ஸ்பெக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "உமக்கு எதிரான சாட்சியை நீரே கொண்டுவந்து கொடுத்துட்டீரே ஏட்டு" என்றாராம். ஒரு வாரத்தில் மெமோ வந்தது. இன்னொரு தடவை பந்தோபஸ்தில் இடத்தை விட்டு நகர்ந்தால் மாவட்டத்தின் இன்னொரு கோடிக்கு மாற்றல், தை மாதம் வர வேண்டிய எஸ்.எஸ்.ஐ. பிரமோஷனும் நிற்கும். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். இருபத்தைந்து வருஷ சர்வீஸ் ஒரு வயிற்றில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. அடுத்த பந்தோபஸ்து எது என்று கேட்கவே வேண்டாம், ஆடிப்பூரத் தேர்.

தேருக்கு ஒரு வாரம் முன்னால் காய்கறி மார்க்கெட்டில் சத்யப்பிரியாவைப் பார்த்தேன். அவளே வழிமறித்துப் பேசினாள். மூன்று படம் எடுத்திருக்கிறாள், மூன்றுமே வலி நின்றபிறகு எடுத்தது, அது அவளுக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறதாம். "மதினி, நம்ம அண்ணன் போலீஸ்தான? அவிய கிட்டயே கேளுங்க. திருடன் தப்பிச்சுப் போன பொறவு வீட்டைப் போட்டோ எடுத்தா என்ன தெரியும்? அவன் உள்ள இருக்கையிலயே கூட்டிட்டு வாங்க." திருடனை ஒவ்வொரு தடவையும் பின்வாசல் வழியாக அனுப்பி வைத்தது யார் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. கத்தரிக்காயைப் பொறுக்குவது மாதிரி குனிந்துகொண்டேன். ஆனால் அவள் சொன்னது மனதைவிட்டுப் போகவில்லை.

தேருக்கு முந்தின நாள் அவர் இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றார். அரை டம்ளர் மோர் மட்டும் குடித்தார். பயந்து போயிருக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "நாளைக்கு ஒரு நாளு வயித்தைப் பிடிச்சிராதீங்க. பிடிச்சா இந்த வீட்டுப் பக்கம் வராதீங்க" என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

மறுநாள் காலையில் நானும் தேர் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தேன். உள்ளதைச் சொன்னால், ஆண்டாளைப் பார்க்கப் போனதில் பாதிதான் பக்தி, மீதிப் பாதி இவரைக் கண்காணிக்க. தேர் நிலையை விட்டு நகர்ந்து, வடம் பிடித்தவர்கள் சத்தத்தில் தெருவே அதிர்ந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. அவரோடு டூட்டி பார்க்கிற போலீஸ்காரர் வீரணன். "மதினி, ஏட்டையா உக்காந்துட்டாவ" என்றார். 

கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனேன். வழியெல்லாம் அவரை என்ன பேச வேண்டும் என்று வரிசையாகத் தயார் பண்ணிக்கொண்டே போனேன். பூட்டிக் கிடந்த ஒரு பாத்திரக்கடைப் படியில் சாய்ந்திருந்தார். பெல்ட்டைக் கழற்றியிருந்தார், சட்டையில் கடைசி இரண்டு பொத்தான் திறந்திருந்தது. வயிறு ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நின்றது, தட்டினால் முரசு சத்தம் கேட்கும் போல. வேர்வை சட்டையைத் தாண்டிச் சொட்டியது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை.

"ஏட்டி, கோவப்படாத" என்றார். "வீட்டுக்குப் போயி சுத்தம் பண்ணிக்கிட்டு, பொறவு ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

தயார் பண்ணி வைத்திருந்ததில் ஒரு சொல்கூட எனக்கு வரவில்லை. உயிர் போகிற வலியில் இந்த மனுஷன் யோசித்தது என் மானத்தை. செட்டியார்பட்டியில் என்னைப் பற்றிப் பேசியபோது பட்ட வெட்கமெல்லாம் ஒரு வெட்கமா என்று இருந்தது. அவர் முகத்தைத் துடைத்துவிட்டேன்.

"வேண்டாம். இருக்கிறபடியே போவோம்" என்றேன்.

இன்ஸ்பெக்டர் அதற்குள் அங்கே வந்துவிட்டார். தேர் நகர்கிற நேரம், அவரால் இடத்தை விட்டு வர முடியாது. ஏட்டின் வயிற்றையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஜீப்பைக் கொடுத்தார், வீரணனையும் கூட அனுப்பினார். படம் எடுத்த உடனே அதைப் போனில் பிடித்துத் தனக்கு வாட்ஸாப்பில் அனுப்ப வேண்டும் என்று வீரணனிடம் கறாராகச் சொன்னார். அக்கறையில் சொன்னாரா, கையும் களவுமாகப் பிடிக்கச் சொன்னாரா என்பதை நான் கேட்கவில்லை. பழைய படங்களெல்லாம் ராஜபாளையத்தில்தான் இருக்கின்றன, அந்தப் பக்கம் ரோடும் காலியாக இருந்தது. ஜீப் சைரன் போட்டுக்கொண்டு பறந்தது. ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவர் என் கையை நெரித்தார். தேருக்குப் போட்டிருந்த கண்ணாடி வளையலில் மூன்று உடைந்தது.

சத்யப்பிரியா அவர் வயிற்றைப் பார்த்ததும் சீட்டெல்லாம் கேட்கவில்லை. படுக்க வைத்து ஒன்று எடுத்தாள், நிற்க வைத்து ஒன்று எடுக்கப் பார்த்தாள், நிற்க முடியவில்லை, விட்டுவிட்டாள். கம்ப்யூட்டரில் படம் வந்தது. நான் குறை தேடவே வேண்டியிருக்கவில்லை. இடுப்பிலிருந்து நெஞ்சுக்குழி வரைக்கும் ஒரே கறுப்பு. ஒரு பெரிய காற்று வளையம் வளைந்து, நடுவில் ஒரு கோடு இறங்கி, ராட்சசக் காப்பிக்கொட்டை ஒன்றை உள்ளே வைத்துத் தைத்தது போல இருந்தது.

சர்ஜன் கௌதம்ராஜ் வந்து பார்த்தார். நர்ஸிடம் இந்த ஊர் ராஜுக்கள் வீட்டில் பேசுகிற தெலுங்கில் என்னவோ வேகமாகச் சொன்னார். நல்ல சேதி என்றால் எங்களிடம் தமிழிலேயே சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். பெருங்குடலின் கடைசிப் பகுதி இவருக்கு நீளமாகத் தொங்குகிறது, அது தன்னைத்தானே சுற்றி முறுக்கிக்கொள்கிறது, அப்போது காற்றும் போகாது மலமும் போகாது என்று விளக்கினார். பந்தோபஸ்து என்று பத்து மணி நேரம் கக்கூசுக்குப் போகாமல் அடக்கிக்கொண்டு நிற்கிறவருக்கு இது இன்னும் மோசமாகும். குழாய் விட்டு இப்போதே முறுக்கைப் பிரித்துக் காற்றை இறக்க வேண்டும், பிறகு அந்த வளையத்தை வெட்டி எடுக்க வேண்டும்.

பழைய மூன்று படங்களையும் கம்ப்யூட்டரில் வரவழைத்துப் பார்த்தார். முதல் படம் சரி, மற்ற இரண்டும் ஏன் இப்படித் துடைத்துவிட்ட மாதிரி இருக்கின்றன என்று கேட்டார். சத்யப்பிரியா என்னைப் பார்த்தாள். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தவர் கண்ணை மூடிக்கொண்டார், காட்டிக்கொடுக்க மனமில்லாமல்.

"நான்தான் சார். எனிமா கொடுத்துத்தான் கூட்டிட்டு வருவேன்" என்றேன். "படத்துல அசிங்கமாத் தெரியுமேன்னு."

டாக்டர் திட்டுவார் என்று நினைத்தேன். அந்த இரண்டு படங்களையும் இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார். "எனிமா போட்டதுல முறுக்கு தானாப் பிரிஞ்சிருக்கு. குடல் அழுகியிருந்தா கிழிஞ்சிருக்கும், இவர் இப்ப இங்க இருக்க மாட்டார். இனிமே வீட்டுல கை வைக்காதீங்க. இந்தப் படத்துல அடைப்பு தெரியும், ஓட்டை விழுந்தா தெரியும், முழுங்கின ஊக்கு தெரியும். புண்ணு தெரியாது, அப்பெண்டிக்ஸ் அநேகமாத் தெரியாது, வலி தெரியவே தெரியாதும்மா. படம் சுத்தமா இருக்குன்னா அந்த நிமிஷம் சுத்தமா இருந்துதுன்னு மட்டும்தான் அர்த்தம்."

நான் பதினேழு வருஷமாகப் பாஸ் பண்ணிய துணியெல்லாம் கண்முன்னால் ஓடியது.

ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகும்போது அவர் என் சேலையைப் பிடித்து நிறுத்தினார். "படத்துல விழுந்துருச்சா?" என்று கேட்டார்.

"விழுந்துருச்சு" என்றேன். "முழுசா விழுந்துருச்சு."

சிரித்தார். குடல் முறுக்கிக்கொண்டு கிடக்கிற மனுஷன், பிரமோஷன் ஆர்டர் கைக்கு வந்த மாதிரி சிரித்தார். கதவு சாத்திக்கொண்டது. எனக்கு அழுகை வந்தது, வீரணன் இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். வீரணன் பாவம், என்ன செய்வது என்று தெரியாமல் போனை எடுத்து இன்ஸ்பெக்டருக்குப் படத்தை அனுப்பினார். உடனே 'இது என்ன?' என்று பதில் வந்தது. 'ஏட்டையா வயிறு சார்' என்று வீரணன் தட்டினார். அந்தப் பக்கம் டைப் அடிப்பதும் நிறுத்துவதுமாக ரொம்ப நேரம் போனது. கடைசியில், 'கூடவே இரு. தேர் நிலைக்கு வந்ததும் நான் வருகிறேன்' என்று வந்தது. சொன்னபடியே வந்தார். பத்து நாள் கழித்து அந்த வளையத்தை வெட்டி எடுத்தார்கள், மெமோவும் அதோடு போய்விட்டது. ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல.

கதவு சாத்தியிருந்த நேரத்தில் நர்ஸ் வெளியே வந்து அவருடைய யூனிபார்ம் சட்டையை என்னிடம் கொடுத்தாள். இதற்கு முன்னால் எத்தனை தடவை இப்படி வலித்திருக்கிறது என்று டாக்டர் கேட்கச் சொன்னாராம். எட்டு ஒன்பது தடவை இருக்கும், ஒரு காதுகுத்தைத் தவிர எல்லாமே பந்தோபஸ்து நாள் என்றேன். அவள் எழுதிக்கொண்டு உள்ளே போனாள். சட்டையை மடிக்கும்போது பையில் கனமாக இருந்தது. போலீஸ்காரர்கள் வைத்திருக்கிற சின்ன பாக்கெட் நோட்டு. கடைசிப் பக்கங்களில் அவர் கையெழுத்தில் ஒரு பட்டியல். ஸ்டேஷனில் வழக்கு எழுதுகிற அதே நடையில் தேதி, நேரம், சம்பவம்.

எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொன்று. அதில் பந்தோபஸ்து நாள் எட்டுதான். மற்றதெல்லாம் சாதாரணச் செவ்வாய்க்கிழமை, லீவு போட்ட ஞாயிற்றுக்கிழமை, தீபாவளிக்கு மறுநாள். மகள் பள்ளி ஆண்டுவிழா அன்று, 'மாலை 5.30. வலி. இரண்டு மணி நேரம். சொல்லவில்லை.' அன்றைக்கு என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருந்தார். இடத்தை விட்டு நகர்ந்தால்தானே ஊருக்குத் தெரியும். பந்தோபஸ்தில் நகர்ந்தார், அதனால் அது எங்களுக்குத் தெரிந்தது. வீட்டில் நகரவே இல்லை.

ஒரு தேதியில் என் விரல் நின்றது. மூன்றாவது படத்தைக் கம்பெனிக்கு எடுத்துப் போய்ப் பாஸ் பண்ணிக்கொண்டு வந்த நாள். 'மாலை 6.10. வலி. ஒரு மணி நேரம். சொல்லவில்லை.' அவர் வாசல்படியில் உட்கார்ந்து பூட்ஸுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்த நேரம்.

கடைசி வரி அன்றைய தேதி. 'காலை 9.15. வலி' என்பதோடு நின்றிருந்தது, அதற்கு மேல் எழுத முடியவில்லை போலிருக்கிறது. வீரணனிடம் பேனா வாங்கி, அதற்குப் பக்கத்தில் 'சொன்னார்' என்று எழுதினேன்.